யாருக்கு போன் பண்ணட்டும்?

கணவர் இறந்த பிறகு சிங்கப்பூரில், மார்சிலிங் வட்டாரத்தில் தனியாக இருக்கிறேன். ஒரு ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கி வரும்போது தலை சுற்றி, கடையோரம் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு கூட்டம். எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டு விலகி நடந்தார்கள். யாரையும் கூப்பிட எனக்குக் கூச்சம். கண் இருட்டிக்கொண்டு வந்ததும், பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண்ணைப் பார்த்து, "அம்மாடி, கொஞ்சம் பிடிம்மா" என்றேன். ஓடி வந்து தாங்கிக்கொண்டாள்.

"யாருக்கோ வெயிட் பண்றீங்கன்னு நினைச்சிட்டேன் ஆன்ட்டி" என்றபடி தண்ணீர் கொடுத்தாள். "வீட்டுல யாருக்கு போன் பண்ணட்டும்?"

போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிப் பார்த்தேன்; பக்கத்தில் இருக்கும் ஒருவர் நம்பரும் இல்லை. அவளே டாக்சியில் வீடுவரை வந்தாள்.

மறுநாள் எதிர்வீட்டு பாத்திமா அக்காவின் கதவைத் தட்டி, போன் நம்பர் கேட்டேன்.

"நீங்க பேசவே மாட்டீங்கன்னு நான்தான் தயங்கிட்டு இருந்தேன் லா" என்றார்.

இப்போது வெளியே கிளம்பினால் அவரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். திரும்பியதும், வந்துவிட்டேன் என்றும் சொல்கிறேன்.