சோறும் கண்டிப்பும்: என் மச்சானுக்காகக் கேட்ட ஜெபம்

என் மச்சான் யோகராசா குடித்தே செத்துப்போவார் என்று ஊர் தீர்மானித்துவிட்ட காலம் அது. சூறாவளி அடித்துப்போன அடுத்த வருஷம், எழுபத்தொன்பது. அவர் தென்னை ஏறித் தேங்காய் பறிப்பவர். காற்று ஊரின் மரங்களையெல்லாம் சாய்த்துப்போட்டதோடு அவருடைய தொழிலும் போயிற்று. கையில் வேலை இல்லாத மனிதர் கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்துக்குப் பழகினார். சித்திரை மாதம் ஒரு நாள் குடிவெறியில் தன் மனைவியான என் தங்கச்சி ராணியைத் தள்ளி, அவள் கையை முறித்துவிட்டார்.

சகோதர சகோதரிகளே, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூட்டங்களில் கடைசி வாங்கில் இருப்பேன். சத்தமாக ஜெபம் பண்ணச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வேன். அப்படிப்பட்ட எனக்குக் கர்த்தர் செய்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கை முறிந்த அடுத்த வாரம் நற்பிட்டிமுனையில் தங்கச்சி வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த போதகர் ஐயா பேசினார். நல்ல மனிதர், பாவத்தைப் பாவம் என்று சொல்லப் பயப்படாதவர். நடுவில் எழும்பி, மச்சானை நேரே பார்த்து, "நீ குடிகாரன். பெண்சாதியை அடிக்கிறவன். மனந்திரும்பாவிட்டால் உனக்கு நரகம்தான்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் என் அம்மா, மச்சானின் மாமி, கதவுப் பக்கம் இருந்தா. எங்கள் பக்கத்தில் மருமகனை மாமிக்கு முன்னால் யாரும் ஏசமாட்டார்கள். மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்த்துக் கதைப்பதே குறைவு. போதகருக்கு அது தெரியாது. மச்சான் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் ராணி கதவைப் பூட்டினாள்.

பூட்டியது அவள் வீடு. இங்கே வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். ஆண் மனைவியின் வீட்டில் வந்து இருப்பான். மச்சானின் தாய் வீடு அவருடைய அக்காவுக்குப் போய்விட்டது. நான் இருப்பதும் என் மனைவியின் வீடு. அங்கே குடிகாரரைக் கூட்டிவர எனக்கு வாய் இல்லை. அவர் போவதற்கு ஓர் இடமும் இல்லாமல், வயல்வெளியில் என் முதலாளி ஹாஜியாரின் காவல் குடிசையான வாடியில் போய்ச் சுருண்டுகொண்டார். ஹாஜியாரின் கல்முனைக்குடி ஆலையில் நான் நெல் அவிக்கிற வேலை.

ஆலை முடிந்து பின்னேரம் நான் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். திட்டினவர் திட்டிவிட்டார், நானாவது இரக்கம் காட்டலாம் என்று நினைத்தேன். மச்சானும் ஒன்றும் வெட்கப்படவில்லை.

"என்ன மச்சான், இண்டைக்கும் கீரைதானா? உங்கட சபையில மீன் தின்னப்படாதோ?"

"மச்சான், இந்தக் குடிய விடுங்க" என்பேன்.

"நீங்க சோறு கொண்டாறத்த விடுங்க, நான் குடிய விடுறன்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்.

மச்சானும் மச்சானும் பேசினால் எங்கள் ஊரில் அது பகிடிதான். எதைச் சொன்னாலும் பகிடியாகத்தான் காதில் விழும். நான் புத்தி சொல்லச் சொல்ல அவர் சிரித்தார். கடைசியில் நானும் சிரித்துவிட்டு வருவேன். அவர் உடம்போ வற்றிக்கொண்டே போனது. கண் மஞ்சளாகி, கால் வீங்கியது.

ராணி ஒரு நாள் என்னை மறித்தாள்.

"அண்ணன், நீங்க அவருக்கு நல்லது செய்யிறீங்க எண்டா நினைக்கிறீங்க? சோத்துக் கவலையை நீங்க எடுத்துட்டீங்க. இனி அவருக்குச் சாராயக் கவலை மட்டுந்தான்."

"பட்டினி கிடக்க விடச் சொல்றியா புள்ள?"

"நான் அப்படிச் சொல்லல்ல. என்ட கை முறிஞ்சத ஒருத்தரும் அவருக்குச் சொல்லல்ல. ஐயா ஏசினாரு. நீங்க சிரிக்கிறீங்க. சொன்னது ஆரு?"

அதே வாரம் ஹாஜியாரும் என்னை ஆலைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"தம்பி, உங்கட மச்சான் என்ட வாடியில கிடந்து குடிக்கிறாரு. எங்கட ஆக்கள் வேலைக்கு வந்தா நிண்டு தொழுகிற இடம் அது. துரத்த எனக்கு மனசு வருதில்ல. விடவும் ஏலா. வெட்டுத் துவங்கிறத்துக்குள்ள ஒரு முடிவு எடுங்க."

வயல் அப்போது கதிர் பழுக்கிற பருவம், அறுவடைக்கு நாள் அதிகமில்லை. வாடியும் போனால் மச்சான் ரோட்டில் கிடந்து செத்துப்போவார். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக்கொண்டே மனதுக்குள் மன்றாடினேன். "கர்த்தாவே, போதகர் ஐயாவுக்கு வாய் இருக்கிறது, இந்த மனிதரை அவருக்குத் தெரியாது. எனக்கு இவரைத் தெரியும், வாய் இல்லை. எனக்கு வாய் தாரும்." கிளறுகிற ஒவ்வொரு தடவையும் அதையேதான் கேட்டேன். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

அன்று பின்னேரமும் சோறு கொண்டுபோனேன். மச்சான் வழக்கம்போல வாயைத் திறந்தார். "வந்துட்டாரு என்ட சமையல்காரன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றை அவர் முன்னால் வைத்தேன். ஜெபம் பண்ணித் தருகிறேன் என்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சோற்றில் கையை வைத்தார். நான் முழங்கால் போட்டேன். என் வாழ்நாளில் முதல் தடவையாகச் சத்தமாக ஜெபம் பண்ணினேன்.

"ஆண்டவரே, இவர் என்ட தங்கச்சிட கையை முறிச்சவர். அது பாவம். நான் இஞ்ச வந்து பகிடி விட்டுட்டுப் போறன், அதுவும் உமக்குத் தெரியும். இவருக்குச் சொல்ல எனக்கு ஏலாம இரிக்கி. நீர் சொல்லும். என்ட மச்சானைச் சாக விடாதேயும். எனக்கு இவர் வேணும்."

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதேன். கண்ணைத் திறந்தபோது மச்சானின் கை சோற்றில் அப்படியே நின்றது. எனக்கு என்றால் பதிலுக்குப் பகிடி சொல்ல அவருக்குத் தெரியும். நான் பேசியது அவரோடு இல்லையே. கடவுளோடு பேசுகிறவனுக்கு அவர் என்ன பகிடி சொல்வார்?

"அவட கை இப்ப எப்பிடி இரிக்கி?" என்று கேட்டார்.

அந்த மாதங்களில் ஒரு நாள்கூட அவர் அதைக் கேட்டதில்லை.

"பொருந்திட்டு மச்சான். ஆனா தண்ணிக் குடம் தூக்க ஏலா."

அவர் சோற்றை விட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கர்த்தர் கதைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அன்றோடு குடியை விட்டார். முதல் நாட்கள் லேசாக இல்லை. கை கால் உதறிப் பிதற்றினார். ஹாஜியார் பார்த்துவிட்டு, வெட்டுக்கு முன் முடிவு எடுக்கச் சொன்னதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். போதகர் ஐயா கட்டிலடியில் வந்து இருந்தார். வேட்டி நிலத்தில் பட்டதைக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, நான் சொன்னது உண்மை. சொன்ன இடம் பிழை. மன்னித்துக்கொள்" என்றார். மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நீங்க சொன்னது அண்டைக்கே நெஞ்சில தைச்சுட்டு. அது புண்ணாப் போச்சு. மருந்து கட்டினது இவர்" என்று என்னைக் காட்டினார். நான் வெட்கத்தில் வெளியே போய்விட்டேன்.

ராணி உடனே கதவைத் திறக்கவில்லை. அதையும் எழுத வேண்டும். மன்னிப்புக் கேட்டு வந்தவரைப் வாசல் படலையில் நிறுத்தி, "குடம் அங்க இரிக்கி. தண்ணி அள்ளி வெச்சுட்டுப் போங்க" என்றாள். அவர் அள்ளி வைத்துவிட்டு வாடிக்குப் போனார். காலையில் வருவார், அள்ளி வைப்பார், போவார். அம்மா உள்ளே இருந்துகொண்டு பார்ப்பா. வெட்டு முடிந்து, சூடு அடித்து நெல் பிரித்து, வயல் வெறுமையான பிறகு ஒரு நாள் காலை அவர் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இனி எங்க போறீங்க? வாடியையும் பிரிச்சிருப்பாங்க. உள்ளுக்கு வாங்க" என்றாள் ராணி.

வருஷங்கள் போய்விட்டன. மச்சான் இன்று ஹாஜியாரின் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறார். நானும் அவரும் பின்னேரங்களில் குடித்துக் கிடக்கிறவர்களைத் தேடிப் போகிறோம். நான் இன்னும் வெட்கக்காரன்தான். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு சத்தமாக ஜெபம் பண்ணப் பயந்ததில்லை.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி விழுந்து கிடக்கலாம். பாவத்தைப் பாவம் என்று சொல்லுங்கள். அதை மறைக்கிற இரக்கம் அவரைக் கொல்லும். ஆனால் சொல்வதற்கு முன் அவர் பக்கத்தில் போய் இருங்கள். அவருக்காக அழாத வாயால் சொல்லாதீர்கள். வாய் இல்லாதவராக இருந்தால் கர்த்தரிடம் கேளுங்கள். நெல் அவிக்கிற எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார். இன்றைக்கே போங்கள், விழுந்து கிடக்கிற அவர் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.