அக்காவின் மூன்றாம் வருஷம்

அன்று எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். பெண் பார்க்க வந்துவிட்டார்கள். பார்க்க வேண்டிய பெண் மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

நாலாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு எதற்கெடுத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அக்கா வராவிட்டால் என்ன ஆகும், வந்தால் என்ன பேசுவாள், இரண்டுக்கும் பயந்தேன். ஏழாம் ஸ்டாண்டர்ட் இங்கிலீஷ் முடித்திருந்ததால்தான் அவளை நர்ஸ் படிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷப் படிப்பு. கடைசிப் பரீட்சை தேறினால் ஸ்டாஃப் நர்ஸ். அதற்கு மேல் மருத்துவச்சிப் படிப்பும் உண்டு. நடுவில் கல்யாணம் செய்துகொண்டால் வெளியேற வேண்டியதுதான். பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டதோ அதற்கு முந்தைய முகூர்த்தம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அக்கா பின்பக்கமாய் வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் கால்வைக்கலாம். சாவு வீட்டுக்குப் போய் வந்தவளுக்கு உள்ள அதே சட்டம், அம்மா போட்டது. வெந்நீரும் பட்டுப்புடவையுமாகப் பின்னால் காத்திருந்தேன். அவள் முன்வாசல் வழியாக வந்தாள், வெள்ளை உடுப்போடு.

"போய்க் குளிடி," என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"வார்டுலயே கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தாம்மா வரேன். நான் ஒண்ணும் தீட்டு இல்ல."

தாய்மாமன் சிரித்தார். "தோட்டத்துல டிரெஸ்ஸர் இருக்காரும்மா. காய்ச்சல், காயம் எல்லாம் அவரு பாத்துக்குவாரு. நீ சோறாக்கினா போதும்."

"அவரும் படிச்சுத்தானே மாமா டிரெஸ்ஸர் ஆனாரு? பாதியில வான்னு அவரை யாரும் கூப்பிடலையே."

"இத்தன நாள் படிச்சது போதாதா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பரீட்சை எழுதாம வந்தா நான் நர்ஸ் இல்லைங்க அத்தை. பெட்பேன் கழுவினதுதான் மிச்சம். காத்திருக்க முடியும்னா இருங்க."

மாப்பிள்ளை தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போய்த் தேநீர்த் தட்டை எடுத்துவந்தாள். அவள் கையை ஒருமுறை பார்த்தார் அந்தம்மா. நீட்டிய கோப்பையைத் தொடவில்லை. பட்டறையில் இரும்பு அடிக்கிற எங்கள் அப்பா, வீட்டில் அம்மா சொல்லுக்கு மறுசொல் சொல்லி நான் பார்த்ததில்லை. அவர் எழுந்து வந்து அந்தக் கோப்பையை எடுத்து, நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"சீனி கொஞ்சம் கம்மி," என்றார்.

வந்தவர்கள் கிள்ளான் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்கள். அக்கா பரீட்சை எழுதினாள், தேறினாள், மருத்துவச்சிப் படிப்பையும் முடித்தாள்.

இன்றும் கடைத்தெருவில் யாராவது என்னை நிறுத்தி, "உங்கக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாடி?" என்பார்கள்.

"எங்கக்கா ஸ்டாஃப் நர்ஸு," என்பேன்.

"அதையா கேட்டேன்?"

"கேக்குறதா இருந்தா அதைக் கேளுங்க."