கோடையில் தூங்கிய பைக்

போன சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் பைக்கை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் பைக்கை மூடி வைப்பார்களாம். எங்கள் வளைகுடாவில் எல்லாம் தலைகீழ்... இங்கே கோடையில்தான் மூடி வைப்போம். ஜூனில் லீவுக்குத் திருச்சி கிளம்பும்போது, இங்கே கராமா ஏரியாவில் எங்கள் பில்டிங்குக்குப் பின்னால் கவர் போட்டு நிறுத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்த பிறகும் வெயிலுக்குப் பயந்து தொடவில்லை. அக்டோபரில்தான் கவரை எடுத்தேன். பேட்டரி செத்திருந்தது. புதிது போட்டதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஆனால் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் போதும் — இரண்டு இருமல், கறுப்புப் புகை, உடனே ஆஃப்.

"பேசாம வித்துடுங்களேன். முருகேசன்தான் ரொம்ப நாளா கேக்கறாரே," என்றாள் என் மனைவி உமா.

முருகேசன் என் ஆபீஸ்காரர், தூத்துக்குடிப் பக்கம். என் பைக் மேல் அவருக்கு எப்போதுமே ஒரு கண்.

விற்பதா? நாற்பத்தைந்து வயதில், நான்காவது டெஸ்ட்டில் லைசென்ஸ் வாங்கி ஓட்டிய வண்டி அது. வாரம் முழுக்க டியூட்டி, மீட்டிங். சனிக்கிழமை காலை ஹத்தா மலைப் பாதையில் ஓட்டும் அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கென்று இருப்பது. அதுவும் போய்விடுமோ என்று நிஜமாகவே பயம். ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? "வெள்ளிக்கிழமைக்குள்ள நானே சரி பண்றேன். முடியலன்னா சனிக்கிழமை காலையில முருகேசன் எடுத்துட்டுப் போகட்டும்" என்று ரோஷமாகச் சொல்லிவிட்டேன்.

உமா அப்போதே அவருக்கு போன் போட்டுவிட்டாள்!

திங்கட்கிழமை பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினேன். அதே இருமல். செவ்வாய், புதன் இரண்டு நாளும் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். வீடெல்லாம் பெட்ரோல் வாடை, வண்டியில் அதே இருமல். வியாழக்கிழமை ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருந்தது. துடைத்து மாட்டி ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். மறுபடியும் கரி.

வெள்ளி மதியம் தொழுகை நேரத்துக்கு ஆபீஸ் முடிந்ததும் நேரே பார்க்கிங்குக்குப் போனேன். உமா டீயோடு வந்தாள். என் கையில் அந்தக் கறுத்த ப்ளக். பெட்ரோல் சரியாக எரியவில்லை என்றால்தானே இவ்வளவு கரி? எரிய என்ன வேண்டும்? காற்று. அந்தக் காற்று எங்கே போயிற்று?

பேட்டரி பக்கவாட்டில் இருப்பதால் அதுவரை சீட்டைக் கழற்ற வேண்டிய வேலையே வரவில்லை. இப்போது கழற்றினேன்.

எஞ்சினுக்குக் காற்று போகும் வாய் மேல் ஒரு பாலிதீன் பை. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக பிரவுன் டேப். வெயிலில் ஒரு ஓரம் மட்டும் இளகித் தூக்கியிருந்தது. அந்த இடுக்கு வழியாகத்தான் பாவம், வண்டி இத்தனை நாள் மூச்சு விட்டிருக்கிறது.

உமா குனிந்து பார்த்தாள். "இது உங்க வேலைதான். அட்டைப்பெட்டி கட்டிட்டு மிச்ச டேப்பை எடுத்துக்கிட்டுக் கீழ போனீங்களே."

ஆமாம். மணல் புகக்கூடாது, பூனை முடி புகக்கூடாது என்று ஜூனில் நானே ஒட்டியது. ஒட்டியதோடு மறந்தும் போனேன்.

கல்ஃப்காரனுக்கு டேப் கையில் கிடைத்தால் நிறுத்தத் தெரியாது. ஊருக்குக் கொண்டுபோகும் பால் பவுடருக்கு மூன்று சுற்று, அது இருக்கும் பெட்டிக்கு ஆறு சுற்று, அதற்கு மேல் கயிறு. பத்திரம், பத்திரம் என்று மூச்சு முட்ட வைப்பதும் நாம்தான்... பிறகு ஏன் இருமுகிறது என்று தலையைச் சொறிவதும் நாம்தான்.

டேப்பை உரித்தேன். புது ப்ளக் மாட்டி ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். என்ன ஒரு சத்தம்! இரண்டாவது மாடி பால்கனியில் துணி காயப்போட்டவர் எட்டிப் பார்த்தார். நான் கையை உயர்த்திக் காட்டினேன். நிலாவில் இறங்கியவனுக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு முருகேசன் வந்துவிட்டார். ஸ்டார்ட் செய்து நிறுத்தியிருந்த வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"விக்கறதா இல்ல, முருகேசன்."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்படி என்னதான் கோளாறு, அண்ணாச்சி?"

"காத்து போற வழியில அடைப்பு. சாதாரண ஆளால கண்டுபிடிக்கவே முடியாது."

"யாரு அடைச்சா?"

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த உமா சிரிக்க ஆரம்பித்தாள்.

எஞ்சின் சத்தத்தில் அவர் கேட்டது எனக்குக் காதில் விழவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.