இத்தோவின் வெறும் நட்சத்திரம்

எங்கள் மிதெல்த் ஊரில், வகுப்பறைக்குள் நின்று "தெரியாது" என்று சொன்ன ஒரே ஆசிரியர் இத்தோதான். அதையும் ஒரே ஒரு முறைதான் சொன்னார். வானவில்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால் என்ன தெரியும் என்று ஒரு பையன் கேட்டானாம். எனக்குத் தெரியாது, யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றாராம் இவர். மாலைக்குள் பையனின் அப்பா தலைமையாசிரியர் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். தெரியாத ஆளை எதற்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மற்ற ஆசிரியர்களான எங்களுக்கும் தெரியாதது மலையளவு இருந்தது. ஆனால் அதையெல்லாம் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சமாளிக்கத் தெரிந்திருந்தது.

இத்தோ இயற்பியல். நான் மிமூன், அதே பள்ளியில் உயிரியல். இருவருக்கும் ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே பாக்கி. அவருடைய அப்பா ஆப்பிள் லாரி ஓட்டியவர், கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், பிள்ளை கிடையாது. ரொட்டி அடுப்புக்காரர் வீட்டு மாடியில் குடியிருந்தார். எங்கள் ஊர்க் குளிர் எலும்பைத் தேடி வரும், அதுவும் இத்தோவின் முழங்காலை முதலில் தேடி வரும். ஆனால் கீழே அடுப்பு எரிகிற வரைக்கும் மேலே தரை சூடாக இருக்கும். இந்தத் தரையை விட்டு மையவாடிக்குத்தான் போவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அவரிடம் நட்சத்திர வேலை வந்து சேர்ந்த கதை ரொம்பச் சாதாரணமானது. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு மாகாணத்துக்கு ஒரு ஆசிரியரை மராக்கெஷுக்கு அனுப்புங்கள் என்று மேலிடம் கேட்டது. கேட்ட நேரம் ஆப்பிள் பறிக்கும் நேரம். மரம் வைத்திருந்தவர்கள் யாரும் அசையவில்லை. இத்தோவுக்கு மரம் கிடையாது. போனார். திரும்பி வந்தபோது, வெளிக்கிரகங்கள் விஷயத்தில் எங்கள் மாகாணத்துக்கு அவரே முழுப் பொறுப்பு என்று ஆகியிருந்தது.

வசந்த விடுமுறையில், மாகாணத்து அறிவியல் ஆசிரியர்களான எங்களுக்கு அவர் தரும் பயிற்சி. விடுமுறையில் பயிற்சி வைக்கிறவர்களுக்கு மறுமையில் தனி இடம் உண்டு என்பது என் நம்பிக்கை. தொலைநோக்கி வரும், மொட்டை மாடியில் கம்பளி போர்த்திக்கொண்டு தேநீர் குடிக்கலாம் என்று எண்ணிப் போனோம். இத்தோ பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, ஒரு பெரிய உருண்டை விளக்கைப் போட்டார். எதிரே ஒரு செல்போன், விளக்கிலிருந்து வரும் வெளிச்சத்தை அளந்து கோடாகப் போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு ஆப்பிளை நூலில் கட்டி நகர்த்தினார். கோடு ஒரு இடத்தில் பள்ளம் விழுந்து மேலே ஏறியது. அப்புறம் ஒரு கொண்டைக்கடலையைக் கட்டி நகர்த்தினார். கோடு கண்டுகொள்ளவே இல்லை.

ஆப்பிள் வியாழன் மாதிரி, கடலை நம் பூமி மாதிரி, நட்சத்திரத்துக்கு முன்னால் கிரகம் கடக்கும்போது வெளிச்சம் இவ்வளவுதான் குறையும், கிரகத்தைப் பார்ப்பதென்றால் இந்தப் பள்ளத்தைப் பார்ப்பதுதான் என்றார். இடைவேளையில் வியாழனை நான் சாப்பிட்டுவிட்டேன். பூமி யார் காலடியிலோ போயிற்று.

பிறகு அவருடைய சட்டம். ஒரு தடவை பள்ளம் விழுந்தால் அது தூசி. இரண்டு தடவை விழுந்தால் தற்செயல். அதே இடைவெளியில் மூன்றாவது தடவையும் விழுந்தால் வந்து சொல்லுங்கள், அதுவரைக்கும் வாயைத் திறக்காதீர்கள்.

நிஜ நட்சத்திரங்களின் வெளிச்சக்கோடு அச்சடித்த தாள்களை மராக்கெஷிலிருந்து ஒரு கட்டு கொண்டு வந்திருந்தார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். எல்லாரும் கிரகம் கண்டுபிடித்தோம். நான் கண்டுபிடித்ததற்கு இரண்டு துணைக்கோள்கள்கூட இருந்தன. எல்லாருக்கும் ஒரே நட்சத்திரத்தைத்தான் கொடுத்தேன், அதில் யாரும் இதுவரை எந்தக் கிரகமும் பார்த்ததில்லை என்றார் இத்தோ. அறையில் பெரிய கசப்பு உண்டானது. எங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. நாங்கள் படித்த காலத்திலும் சரி, பாடம் எடுத்த காலத்திலும் சரி, விடை இல்லாத கேள்வியைத் தாளில் அடித்துக் கொடுக்கிற வழக்கமே கிடையாது.

"ஒண்ணுமே இல்லைன்னா எதுக்கு லல்லா இத்தோ கேள்வின்னு குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வானம் கேள்வி குடுக்கறப்போ பின்பக்கத்துல விடை அடிச்சுத் தருதா, ஸி மிமூன்?" என்றார். கோபத்திலும் அம்மா என்பதற்கு லல்லாவும் ஐயா என்பதற்கு ஸியும் போட்டுப் பேசுவது எங்கள் ஊர் வழக்கம்.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஸைத் என்று ஒரு இளைஞன். மலைக்கு மேலே ஐத் ஊசின் கிராமத்தின் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். மனைவி நஸ்ஹா எங்கள் ஊர் மருத்துவமனையில் நர்ஸ். பனி வழிவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவான். மகன் அனீர் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். அப்பா வாசலில் வந்து நின்றால் அந்நியன் வந்துவிட்டான் என்று வீறிட்டு அழுவான். அழுகை நின்று, மெல்லப் பழகி, மடியில் ஏறும் நேரத்துக்கு ஸைத் வேன் பிடிக்கப் போக வேண்டியிருக்கும். வருஷா வருஷம் மாற்றலுக்கு மனுப் போட்டான், வருஷா வருஷம் அதற்கு வேண்டிய மதிப்பெண் கொஞ்சம் போதாமல் போயிற்று. இந்தப் பயிற்சியின் கடைசியில் ஒரு மாதிரி வகுப்பு உண்டு. அதை நடத்துகிறவருக்குக் கல்வி ஆய்வாளர் போடும் மதிப்பெண் மாற்றல் கணக்கில் சேரும். அது சேர்ந்தால் ஸைத் கீழே வந்துவிடலாம். அவன் நிலைமை தெரிந்ததால் நாங்கள் யாரும் கையைத் தூக்கவில்லை. வகுப்பு அவனுக்கே போயிற்று, அவன் பள்ளியிலேயே.

மாதிரி வகுப்புக்கு யாரும் பார்த்திராத புது நட்சத்திரத் தாளைத்தான் கொடுப்பேன், உறையை அங்கே வந்துதான் பிரிப்பேன், அதில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரிந்திருக்காது என்று இத்தோ முதல் நாளே சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டோம். ஆனால் ஆய்வாளர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது. கேள்வியையும் பதிலையும் ஒரு வாரம் முன்பே பிள்ளைகளுக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்து, அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிற மாதிரிக் கேட்க வேண்டும். இதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. விருந்தாளி வருகிறார் என்று வீட்டைப் பெருக்குவது ஏமாற்றா?

விடுமுறை முடிந்து இரண்டாவது வாரம், வேனில் நெருக்கியடித்துக்கொண்டு, யாருடையதோ ஒரு ஆட்டோடு சேர்ந்து மலை ஏறினோம். ஆய்வாளர் ஸி தாமி தன் காரில் வந்தார். வாசலில் ஸைத் என்னைத் தனியாக இழுத்துப்போய், பயிற்சியில் இத்தோ பிறகு காட்டிய, கிரகம் உள்ள ஒரு நல்ல நட்சத்திரத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்துவைத்துவிட்டதாகச் சொன்னான். நல்ல வேலை செய்தாய் என்றேன். புதுத் தாளைத்தான் கொடுப்பேன் என்று இத்தோ சொன்னது எங்கள் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

இத்தோ உறையைப் பிரித்தார். தாள்கள் பெஞ்சு பெஞ்சாகப் போயின. நாங்கள் பின்வரிசையில், ஆய்வாளர் எங்களுக்கு முன்னால்.

"இந்தக் கோட்டில் என்ன காண்கிறீர்கள்?" என்று ஸைத் வகுப்பறைக் குரலில் கேட்டான்.

"மூன்று நாட்களுக்கு ஒரு முறை வெளிச்சம் குறைகிறது, ஆசிரியர் அவர்களே! ஆகவே இங்கே ஒரு கிரகம் உள்ளது!" என்றது மொத்த வகுப்பும் ஒரே மூச்சில்.

ஸி தாமியின் முகம் மலர்ந்தது. பேனாவைத் திறந்தார். நான் பக்கத்துப் பெஞ்சுத் தாளை எட்டிப் பார்த்தேன். கோடு நேராகப் போயிற்று. பள்ளம் என்று ஒன்றும் இல்லை, சளி பிடித்தவன் மூச்சு மாதிரி அங்கங்கே ஒரு நடுக்கம், அவ்வளவுதான். தாள் ஆய்வாளர் கையில் இல்லை. ஸைத் வாயை மூடிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தால் விஷயம் முடிந்தது. மாற்றல் கையில், மகன் மடியில். போ, போ என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவன் போகவில்லை. முதல் பெஞ்சுச் சிறுமி தூதாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வகுப்பறைக் குரலை விட்டுவிட்டுப் பேசினான்.

"இல்ல. அது வேற நட்சத்திரம். போன வாரம் நான்தான் உங்களை மனப்பாடம் பண்ண வச்சேன். இந்தத் தாள்ல நிஜமா என்ன இருக்கோ அதைப் பாருங்க."

வகுப்பு முழுவதும் குனிந்து பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. கடைசியில் தூதா எழுந்தாள்.

"அப்ப இதுக்குக் கிரகம் இருக்கா இல்லையா சார்?"

ஸைத் இத்தோவைப் பார்த்தான். இத்தோ உதட்டைப் பிதுக்கினார். அவருக்கும் தெரியாது.

"எனக்குத் தெரியல," என்றான் ஸைத். "இந்தத் தாள்ல தெரியல. அதுக்காக இல்லைன்னும் சொல்ல முடியாது. இன்னும் நாள் கணக்கா பார்த்தாத்தான் சொல்லலாம்."

ஸி தாமி பேனாவை மூடினார்.

கிராமத்துத் தலைவரான முக்கதம் வீட்டில் மதிய விருந்து. குஸ்குஸ் என்ற கோதுமை ரவைச் சோற்றின் மேல், வேனில் எங்களோடு வந்த ஆடு இருந்தது. ஏன் அப்படிச் செய்தாய் என்று ஸைத்திடம் கடுகடுத்தேன். தூதா தாளைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை என்று அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் மற்றவர்களோடு சேர்ந்து வாயசைத்தாள், அதைப் பார்த்த பிறகு அடுத்த கேள்விக்குப் போக முடியவில்லை என்றான். அவன் பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது.

ஆய்வாளரிடம் பேசியது இத்தோதான். ஸி தாமி கெட்டவர் இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்.

"எனக்குப் புரியாம இல்ல லல்லா இத்தோ. ஆனா பாடம் ஒரு முடிவுக்கு வரலியே. முடிவுக்கு வராத பாடத்துக்கு நான் எப்படி மார்க் போடறது?"

"நட்சத்திரமே இன்னும் முடிவுக்கு வரல. அந்தத் தம்பி மட்டும் எப்படி வருவான்?"

"அது நட்சத்திரத்தோட பிரச்சினை," என்றார் ஸி தாமி. தன் பக்கத்திலிருந்த நல்ல எலும்பை ஸைத் பக்கம் தள்ளி வைத்தார். மதிப்பெண்ணைத் தள்ளி வைக்க அவரால் முடியவில்லை.

கோடையில் மாற்றல் அறிவிப்பு வந்தது. ஸைத் பெயர் இல்லை.

அந்த வாரமே இத்தோ அவனை எங்கள் பள்ளிக்கு வரச்சொன்னார். மனமொத்த மாறுதல் என்று ஒன்று உண்டு. இரண்டு ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். மலையிலிருந்து கீழே வர வரிசையில் நிற்பார்கள், கீழேயிருந்து மேலே போக எவரும் வந்ததில்லை. அதனால் அந்தச் சட்டம் ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் இருந்துவந்தது. இத்தோ கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருந்தார்.

ஸைத் தாளைத் தொடவில்லை. "எனக்காக நீங்க போக வேணாம்க்கா. முட்டி வலியோட அங்க ஒரு குளிர்காலம் தாங்குமா?"

"உனக்காக யாருப்பா போறா? நீ அந்தப் புள்ளைங்ககிட்ட தெரியலன்னு சொல்லிட்டே. இருக்கா இல்லையான்னு அதுங்க கேட்டுட்டே இருக்கும். கூட உக்காந்து பார்க்க ஒரு ஆள் வேணும்ல? நீ இங்க வந்து உன் புள்ளையப் பாரு."

"அந்தத் தரை?" என்று நான் கேட்டேன்.

"அடுப்புக்காரர்கிட்ட பேசிட்டேன். இவங்க குடிவரட்டும். சின்னக் குழந்தை இருக்கற வீடு, சூடு வேணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்களில் ஒருவர் இவ்வளவு நல்லவராக இருந்தால் மற்றவர்கள் பாடு என்னாவது? ஸைத் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான். மனுவை ஸி தாமி அன்றைக்கே அனுப்பிவைத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

முதல் பனி விழுந்து மலைப்பாதை மூடியபோது இத்தோவுக்குப் போன் செய்தேன். முழங்கால் எப்படி என்றதற்கு, எங்கிருக்கிறது என்று நன்றாகத் தெரிகிறது என்றார். மராக்கெஷிலிருந்து அதே நட்சத்திரத்துக்கு இன்னும் தாள்கள் வரவழைத்திருக்கிறாராம். தூதா நீளமாக ஒட்டிச் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறாளாம்.

"கிரகம் கிடைச்சுதா?"

"இன்னும் தெரியல. அங்க என்ன சேதி? அந்தப் பையன் அப்பாவைப் பார்த்தா இன்னும் அழறானா?"

"இல்லையே. அடுப்புக் கடைல பார்த்தேன். தோள்ல உக்காந்து காதைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்தான்."

"எத்தனை தடவை பார்த்தீங்க?"

"ஒரு தடவை."



"ஒரு தடவைங்கறது தூசி, ஸி மிமூன். இன்னும் ரெண்டு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க."

மறுநாள் காலை அடுப்புக் கடைக்குப் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். அங்கே சும்மா நிற்க முடியாமல் வாங்கிய ரொட்டி வீட்டில் மீந்துபோய்க் கிடந்தது.