மூன்றாம் எண் விழித்தது

எங்கள் வீட்டு அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கிருஷ்ணமணி என்கிற நான். என் மகள் நந்தனா. மருமகன் விபின். லிப்டுக்கு அடியில் நசுங்கிச் செத்த மத்தியாஸின் மச்சினன் சிஜின். ஐந்தாவதாக யாரும் இல்லை. முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் நான். கதை கட்டிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரவுகூட இல்லை. பிற்பகல் 2.40. தோவாளையில் சுள்ளென்று வெயில்.

லிப்டை இயக்கும் போர்டில் ஒரு சிப் இருக்கும். அதற்குள் நான்கு கோர்கள், அதாவது நான்கு மூளைகள். எண் 0 முதல் 3 வரை. மின்சாரம் வந்ததும் 0 மட்டும் விழிக்கும். மற்ற மூன்றும் தூங்கும். எங்கிருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்ற முகவரியை நினைவகத்தில் எழுதிவைத்து, 0 அவற்றை ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். எழுப்பாமல் எதுவும் எழாது. எழுப்பும் அந்தச் சிறு நிரலை எழுதியவள் நந்தனா. எண் 3-க்கு ஒரே வேலை. பிரேக்கை விடுவிப்பது.

தக்கலைப் பக்கம் ஒரு கிடங்கில் மத்தியாஸ் லிப்ட் குழிக்குள் இறங்கிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் 3-ஐ எழுப்பாமல் வைத்திருப்பார்கள். ஆனாலும் பிரேக் விட்டது. நந்தனாவின் நிரல்தான் கொன்றது என்றார்கள். அதே போர்டை லிப்ட் கம்பெனி அவளுக்கு அனுப்பி, ஐந்து மணிக்குள் சோதனைப் பதிவைக் கேட்டது. 3 தானாக எழுந்தால் என் மகள் குற்றவாளி.

"சாட்சிக்கு நானும் இருப்பேன்" என்று வந்துவிட்டான் சிஜின்.

"இரியும். நல்லா கண்ணத் தொறந்து பாரும்" என்றேன்.

"பாக்கத்தான் வந்தேன். ஒங்க மக எழுதின லட்சணத்த."

"விடுங்க மாமா" என்றான் விபின்.

2.44. எண் 3-ஐ எழுப்பாமல் நந்தனா போர்டை இயக்கினாள். லேப்டாப் திரையில் மூன்று வரிகள். '0 விழித்தது.' '1 விழித்தது.' '2 விழித்தது.' அவ்வளவுதான். நான் சிஜினைப் பார்த்தேன்.

"இன்னொருக்க போடுங்க" என்றான்.

2.52. அதே மூன்று வரிகள். பிறகு... நான்காவது.

'3 விழித்தது.'

டக். போர்டோடு வந்த பிரேக் ரிலே, பிரேக்கை விடுவிக்கும் சுவிட்ச், மேசைமேல் அடித்தது.

"கண்டீரா?" சிஜின் எழுந்துவிட்டான். "கண்டீரா ஓய்?"

3-இன் முகவரி இருக்க வேண்டிய இடத்தை நந்தனா திறந்து பார்த்தாள். காலி.

"அதுக்குப் போறதுக்கு எடமே குடுக்கலப்பா. பின்ன எப்படி ஓடுது?"

எழுப்பும் வரிகள் அத்தனையையும் நீக்கினாள். இனி 0 மட்டுமே வர வேண்டும்.

3.05.

'3 விழித்தது.'

0 வரவில்லை. 0 வராமல் எதுவும் வர முடியாது.

விபின் போர்டின் மின்வயரைப் பிடுங்கினான்.

டக்... டக்...

"லேப்டாப் வயர் வழியா கொஞ்சம் கரண்ட் போவும்" என்றாள் நந்தனா. அதையும் பிடுங்கினாள்.

வயர் அவள் கையில் தொங்கியது. திரையில் ஒரு வரி ஏறியது.

'3 விழித்தது.'

போர்டைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

டக். டக். டக்... டக்.

சிஜினின் முகம் வெளுத்தது. "மூணு, விட்டு ஒண்ணு... அத்தான் குழிக்குள்ள இருந்து இரும்புல இப்படித்தான் தட்டினாரு. லிப்ட நிறுத்தச் சொல்லி. நான் மேல நின்னு கேட்டேன்."

டக். டக். டக்.

டக்.

"நிறுத்துங்க!"

யாராலும் முடியவில்லை.

3.17-க்கு அதுவாக நின்றது.

பன்னிரண்டு நாள் கழித்து அந்தப் போர்டின் ஆய்வறிக்கை வந்தது. அந்தச் சிப்பில் எண் 3 தயாரிப்பிலேயே செத்தது. ஒரு நொடிகூட இயங்கியதில்லை. இயங்கவும் முடியாது. அப்படியானால் லிப்ட் ஓடிய எட்டு மாதமும், தினமும், அதன் பிரேக்கை விடுவித்துக்கொண்டிருந்தது எது? அறிக்கையில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

நந்தனா அன்றைய பதிவை அழிக்கப் பார்த்தாள், சிஜின் தடுத்ததால்தான் அனுப்பினாள் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. பொய். அழிக்கச் சொன்னவன் நான். என் கையைத் தள்ளிவிட்டு, ஒரு வரி விடாமல் 4.10-க்கு அனுப்பியவள் அவள்.