பழனி ரோட்டில் பதினோராவது ஆள்

வேலை இல்லாமல் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் இளக்காரம்தான். காலையில் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், ஓடி முடித்து அதே வாசலுக்கே திரும்பி வருகிறார்கள். எங்கேதான் போனீர்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்க மாட்டேன், எனக்கு வாய் வராது. எழுதுவதென்றால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

நானும் ஒரு பந்தயத்தில் ஓடியிருக்கிறேன். அது அறுபதுகளின் தொடக்கம். எங்கள் மல்லிகைத் தோட்டம் திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி ரோட்டில் ஐந்தாவது மைல் கல்லில் இறங்கி, வண்டித் தடத்தில் இன்னும் ஒரு மைல் உள்ளே. பூ மொட்டாக இருக்கும்போதே மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வாய் திறந்துவிட்டால் கடைக்காரர் கையால் கூடத் தொட மாட்டார். அதனால் மொட்டுகளை ஈரத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்து, கூடையைத் தலையில் ஏற்றி, முதல் பஸ்ஸைப் பிடிக்கத் தினமும் அந்த ஒரு மைலை ஓடித்தான் கடப்பேன். கல்யாணமாகி வந்த மறுமாதத்திலிருந்து அதுதான் வழக்கம். அதற்கு எவனும் எனக்குக் கப்புக் கொடுத்ததில்லை.

என் மூத்த மகளுக்கு அப்போது நாலு மாதம். பசும்பாலைச் சங்கில் ஊற்றினால் துப்பிவிடுவாள். தாய்ப்பால் தவிர வேறு எதுவும் அவளுக்கு இறங்காது. விடியும் முன் பால் கொடுத்து நாத்தனாரிடம் விட்டுவிட்டுப் போவேன். எட்டு மணி பஸ்ஸில் திரும்பி வந்து அடுத்த பால் கொடுப்பேன். அந்த எட்டு மணி பஸ்தான் அவளுக்குச் சோறு.

சுதந்திர தினத்தன்று பூவைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், வண்டிகள் எல்லாம் மாடு படுத்த மாதிரி நிற்கின்றன. கண்டக்டர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“வண்டி எப்பண்ணே எடுப்பீங்க?”

“பந்தயம் முடியணும்மா. பழனி ரோட்ட மறிச்சுப்புட்டாங்க.”

“எப்ப முடியும்?”

“அஞ்சு மைலு போகணும், அஞ்சு மைலு வரணும். கடைசி ஆளு வந்து சேரப் பதினொண்ணு ஆகும். நொண்டிக்கிட்டு வந்தான்னா பன்னெண்டு.”

அதைக் கேட்டதும் எனக்கு மார்பு கட்டிக்கொண்டது. பிள்ளை அழுகிற நேரம் உடம்புக்குத் தெரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் ரவிக்கை நனைந்துவிட்டது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. காலிக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, நடந்தாவது போய்விடுவோம் என்று ரோட்டுக்கு வந்தேன்.

அங்கே முப்பது ஆம்பிளைகள் வரிசையாக நிற்கிறார்கள். முதுகில் நம்பர் எழுதிய துணி, காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ஒருத்தன் தொடையைத் தட்டுகிறான், ஒருத்தன் குதிக்கிறான். இதை நடத்திய டவுன் பெரிய மனிதர்களின் புத்தியை என்ன சொல்ல! ஊரைச் சுற்றி நாலு திசைக்கும் ரோடு இருக்கிறது. ஆடி இன்னும் முடியாத நாளில், காற்று மேற்கேயிருந்து மண்ணை வாரி அடிக்கிற நேரத்தில், மேற்கே பார்த்து ஓடச் சொல்கிறார்கள். ஒரு நாள் களத்தில் நின்று நெல் தூற்றியிருந்தால் தெரிந்திருக்கும். வரவேற்பு வளைவு வேறு கட்டியிருந்தார்கள். விசில் ஊதும் முன்னாலேயே அது ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு தொங்கியது.

விசில் ஊதியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாய்ந்தார்கள். பின்னால் நான் போனேன். சட்டையில் பட்டை குத்தியிருந்த தொண்டர் ஒருவர் ஓடி வந்தார்.

“ஏம்மா பூக்காரம்மா, ஓரமாப் போ. பந்தயம் நடக்குறது தெரியல?”

ஓரமாகத்தான் போனேன். ஆனால் நடந்தால் உச்சிப் பொழுது ஆகிவிடும். ஓடினேன். ஓடினால் கூடை காற்றை முழுசாக வாங்கி என்னைப் பின்னால் தள்ளுகிறது. கூடையை விட்டால் நனைந்த ரவிக்கையை ஊரே பார்க்கும். பிள்ளையா, வெட்கமா என்று ஒரு பர்லாங் தூரம் தவித்தேன். அப்புறம்தான் கூடைக்குள் பூச் சுற்றி வந்த ஈரத் துணி கிடப்பதைப் பார்த்தேன். அதை மார்பின் குறுக்கே இறுக்கி முடிந்தேன். ஈரத்துக்கு மேல் ஈரம், எவனுக்குத் தெரியப் போகிறது? கூடவே விரட்டிக்கொண்டு வந்த அந்தத் தொண்டர் கையில் கூடையைத் திரும்பிப் பார்க்காமல் திணித்தேன்.

“இதச் செத்த வச்சிருங்கண்ணே.”

சேலையைத் தூக்கிச் செருகினேன். அதற்குப் பிறகு ஓட்டம்தான்.

இரண்டாவது மைல் கல்லிலேயே வீரர்கள் உதிர ஆரம்பித்தார்கள். ஒருத்தன் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒருத்தன் காற்றுக்கு எதிரே துப்பி, தன் எச்சிலைத் தானே முகத்தில் வாங்கினான். நடு ரோட்டில் ஓடினால்தானே ஜனம் பார்க்கும் என்று எல்லோரும் நடு ரோட்டிலேயே ஓடினார்கள். நம்பர் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. நான் குனிந்தபடி மர வரிசையை ஒட்டி ஓடினேன். மரம் இல்லாத இடத்தில் வைக்கோல் வண்டி மாதிரி அகலமான ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். காற்று அவருக்கு, வழி எனக்கு.

அவர் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, என் பின்னாடியே எதுக்கு வார?”

அந்நிய ஆம்பிளையிடம் என்ன பேச்சு? கொஞ்ச தூரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. விலகி முன்னால் போனேன். ரோட்டோரம் நின்ற கூட்டம் ஆரவாரம் போட்டது.

“ஏலே, பொம்பள ஒருத்தி வாராடா!”

“எந்தச் சங்கத்துக்கு ஓடுது அந்தம்மா?”

“அப்பு, உன்னைய முந்திருச்சுடா! பேசாம நீ சேலையக் கட்டிக்க!”

எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. கண்ணில் மண், வாயில் மண். காதில் காற்றின் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் பிள்ளை அழுகிற மாதிரியே ஒரு சத்தம். வயிற்றில் குத்தல் எடுத்தபோது நின்றுவிடலாமா என்று நினைத்தேன். நின்றால் திரும்ப ஓட்டம் வராது என்று தினமும் ஓடுகிற காலுக்குத் தெரியும். நிற்கவில்லை.

ஐந்தாவது மைல் கல்லில் ஒருத்தர் பெஞ்சு போட்டு, சாக்குக்கட்டியால் கணக்கு எழுதிக்கொண்டு இருந்தார். அந்தக் கல்லைச் சுற்றித் திரும்ப வேண்டுமாம். என்னைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

“பதினொண்ணு! பதினோராவது ஆளு! இங்குட்டுத் திரும்பும்மா!”

நான் நேரே வண்டித் தடத்தில் இறங்கினேன்.

“ஏம்மா! பந்தயம் அங்கிட்டுப் போகலம்மா! திரும்பினாக் காத்து முதுகுலதான், சுளுவா ஓடிரலாம்மா!”

பாவம், நல்ல மனிதர்தான். என் பந்தயம் அங்கிட்டுத்தான் போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கிணற்று மேட்டிலேயே அழுகைக் குரல் கேட்டது. உள்ளே நுழைந்து பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். நாத்தனார் பின்னால் நகர்ந்தாள்.

“இருங்க மதினி. ஓடி வந்த சூட்டோட பால் குடுத்தாப் புள்ளைக்கு ஆகாது. வயித்தால போகும். அரை மணி ஆறட்டும்.”

எங்கள் பக்கத்தில் அது எல்லோரும் சொல்கிற வார்த்தை. வெயிலில் வந்த தாய் ஆறித்தான் மார் கொடுக்க வேண்டும். நானும் அப்படித்தான் கேட்டு நடந்தவள். அந்த வீட்டில் அதுவரை எதற்கும் எதிர்ப் பேச்சுப் பேசியதில்லை. பிள்ளையோ அதற்குள் தொண்டை கட்டி, சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. இத்தனை தூரம் ஓடி வந்தது வாசலில் உட்கார்ந்து ஆறுவதற்கா?

“அஞ்சு மைலு காத்த நெஞ்சுல வாங்கிட்டு வாரேன். இன்னும் எங்கிட்டு இருக்கு சூடு? தொட்டுப் பாரு!”

அவள் கையைப் பிடித்து என் மார்பில் கட்டியிருந்த ஈரத் துணிமேல் வைத்தேன். துணி சில்லென்றிருந்தது. அவள் பிள்ளையைக் கொடுத்தாள். முதல் பாலைத் தரையில் பீய்ச்சிவிட்டுக் கொடுத்தேன். குடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. வயிற்றால் எல்லாம் போகவில்லை. அவளுக்கு இன்றைக்கு அறுபது தாண்டிவிட்டது.

மறுநாள் மார்க்கெட்டில் பூக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். “ஜெயிச்சவனுக்குப் போட வச்சிருந்த மாலைய காத்து உருவிருச்சு தாயி. நேத்து நீ கொண்டாந்த பூவுதான். அவன் கழுத்துல வெறும் நாரத்தான் போட்டாங்க. எவளோ ஒருத்தி வேற ஓடுனாளாம், பாதில பயந்து காட்டுக்குள்ள போயிட்டாளாம்.”

எனக்குக் கூடை வேண்டும். தேடிப் போனால் ஒரு டீக்கடையில் ஆணியில் தொங்குகிறது. கீழே அதே தொண்டர், பட்டையைக் கழற்றாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அது என் கூடைண்ணே.”

ஏற இறங்கப் பார்த்தார். “பந்தயத்துல ஓடுனவ கூடைம்மா அது. அவ வாட்டசாட்டமான பொம்பள. நீயா ஓடுன?”

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

“கூடையக் குடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன்.

கொடுத்தார்.