ஃபோல்டருக்கு அடியில் ஒரு கல்யாணம்

கல்யாணங்களில் பெண்கள் பகுதியைப் படமெடுப்பது என் தொழில். கல்முனையில் என் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. மாப்பிள்ளை வரும் நேரம் பெண்கள் இருக்கும் இடத்தில் யாரும் ஃபோனைத் தூக்கக்கூடாது என்று பல வீடுகளில் கட்டளை. வாசலிலேயே ஒரு கூடையை வைத்து எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிடுவார்கள். என் கெமரா மட்டும்தான் உள்ளே போகும். எடுத்தது இன்டர்நெட்டில் ஏறாது, இன்னொருவர் கைக்குப் போகாது என்று வாக்குக் கொடுத்துத்தான் எனக்குப் பேர் வந்தது. வாய்க்காரி என்று இன்னொரு பேரும் உண்டு. அதுவும் பொய்யில்லை.

அந்த வாக்குக்காகத்தான் தம்பி என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுத் தந்தான். அவனுக்குக் கட்டாரில் கம்ப்யூட்டர் வேலை. "கண்டவன்ட பென்டிரைவையும் குத்துறீங்க ராத்தா. வைரஸ் புகுந்து ஒரு பொம்பிளப் புள்ளட வீடியோ வெளிய போனா, மறுகா நாம ஊர்ல இரிக்கேலா" என்றான். லீவில் வந்தபோது எல்லாவற்றையும் அவனே பொருத்தினான். சின்ன டிஸ்க்கில் லினக்ஸ், பெரிய டிஸ்க்கில் கல்யாண வீடியோக்கள். லினக்ஸில் சீ டிரைவ், டீ டிரைவ் என்று தனித்தனியாகக் கிடையாதாம். பெரிய டிஸ்க்கைக் கொண்டுபோய் ஏதாவது ஒரு வெறும் ஃபோல்டரில் கட்டிவிட வேண்டுமாம். கட்டுகிற இடத்துக்குப் பேர் மவுண்ட் பொயின்ட். 'கல்யாணம்' என்று ஒரு ஃபோல்டரைச் செய்து அதில் கட்டினான். கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் தானாகக் கட்டிக்கொள்ளும்படி ஒரு வரியும் எழுதி வைத்தான்.

அந்த வரியோடு எனக்கு ஆரம்பத்திலிருந்தே சண்டை. பெரிய டிஸ்க்கின் வயர் கொஞ்சம் லூஸ். கரண்ட் போய் வந்தால், டிஸ்க்கைக் காணோம் என்று சில நேரம் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது அந்தக் கறுப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் பத்திக்கொண்டு வராது? ஃபோனில் அவனைப் பிடித்து ஏசு ஏசென்று ஏசினேன். "ஒழுங்கா வேலை செய்யாத சாமானக் கட்டித் தந்துட்டு நீ அங்க ஏசிக்குள்ள இரி" என்றேன். பாவம், அந்த வரியில் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னான். டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ நிற்காதே என்று அதற்கு அர்த்தமாம். அதற்குப் பிறகு கறுப்புத் திரை வரவில்லை. இதை முன்னமே செய்திருக்கலாமே என்று அதற்கும் ஏசினேன்.

நோன்புக்கு முந்திய கல்யாண நெரிசலில்தான் பக்கத்துத் தெருவில் அந்தக் கல்யாணம் வந்தது. வாப்பா இல்லாத வீடு, உம்மாவும் ஒரே மகளும். அந்த உம்மா, நாக்கைச் சுழற்றிப் போடுகிற குரவைக்குப் பேர்போனவர். யார் வீட்டு மாப்பிள்ளை வந்தாலும் அவருடைய குரவைதான் தெருமுனைவரை முதலில் கேட்கும். ஆனால் இந்த மாப்பிள்ளை வீட்டார் குரவை மார்க்கத்துக்குக் கூடாது என்கிற ஆட்கள். மகளைச் சோடித்துக்கொண்டிருந்தபோது என் முன்னாலேயே அவள் சொன்னாள்: "உம்மா, என்ட கல்யாணத்தில மட்டும் தயவுசெஞ்சி வாய மூடிக்கிட்டு இரிங்க."

அவர் தலையை ஆட்டினார். மாப்பிள்ளை படியேறியதும் போட்டாரே ஒரு குரவை! என் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோன் அதிர்ந்தது. மாப்பிள்ளை உள்ளே போனதும் அவர் வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் உள்ளறையில் தலைகுனிந்து இருந்தாள்.

அடுத்த நாள் காலையில் கரண்ட் போய் வந்தது. கெமராக் கார்டைக் குத்திக் கொப்பி பண்ணும் பொத்தானை அழுத்தினேன். முடிந்துவிட்டது என்று வந்தது. பின்னேரம் வேறொரு கல்யாணம். கார்டை அழித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். எல்லாக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் செய்கிறது, ஒரு நாளும் பிசகியதில்லை.

பெருநாள் கழிந்ததும் சின்ன டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கம்ப்யூட்டர் கத்தத் தொடங்கியது. தம்பி வீடியோ கோலில் திரையைக் காட்டச் சொல்லித் தேடினான். "என்னத்தால நிரம்பிக் கிடக்கெண்டு விளங்குதில்ல ராத்தா. இதுக்குள்ள அவ்வளவு பெரிய சாமான் ஒண்டுமே இல்லையே" என்றான். தேடித் தேடி அவனும் களைத்துவிட்டான். கடைசியில், "கல்யாணமெல்லாம் பெரிய டிஸ்க்கிலதானே இரிக்கி. சின்னதத் துடைச்சிட்டுப் புதுசாப் போடுவம்" என்றான். பெரிய டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதென்று அதைக் கழற்றி, துவாயில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு பிஸ்மி சொல்லிக்கொண்டு சின்னதைத் துடைத்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த மகள் வந்தாள். உம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததும், பேச்சு போனதும், யாரைப் பார்த்தாலும் இன்னாரென்று மட்டுக்கட்டுவதில்லை என்பதும் ஊருக்கே தெரியும். அவள் கதிரையின் நுனியில் இருந்தாள். "முழு வீடியோவும் வேணாம் ராத்தா. மாப்பிள்ளை வாற இடம் மட்டும் போதும். உம்மா குரவை போட்டாவே, அது. அண்டைக்கு நான் கோவத்தில அவவோட கதைக்கவும் இல்ல."

அந்தக் கல்யாணத்தை நான் இன்னும் எடிட்டிங்குக்கு எடுத்திருக்கவில்லை. நாளைக்குத் தாறேன் புள்ள என்று அனுப்பிவிட்டு ஃபோல்டரைத் திறந்தேன். அதற்கு முந்திய கல்யாணம் இருந்தது. அதற்கடுத்ததும் இருந்தது. நடுவில் அது இல்லை.

தம்பிக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க கொப்பி பண்ணின அண்டைக்குக் கரண்ட் போனதா?" என்றான். ஓம், காலையில போனதுதான் என்றேன்.

"டிஸ்க் கட்டுப்பட்டிருக்காது ராத்தா. கட்டாட்டியும் ஃபோல்டர் அதே பேரோட அங்கதானே கிடக்கும். அதுக்குள்ளதான் போட்டிருக்கீங்க. போட்டது சின்ன டிஸ்க்கில விழுந்திரிக்கி. மறுகா டிஸ்க் கட்டுப்பட்டதும் அது மேல வந்து மூடிட்டு. பாய்க்கு மேல பாய் விரிச்ச மாதிரி. அடியில கிடக்கிறது அழியிறதில்ல, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப மேல் பாயச் சுருட்டினா வருமேடா! சொல்லு, எப்பிடிக் கழட்டுற? கெதியாச் சொல்லு!"

"ராத்தா," என்றான். "அந்த அடிப் பாயத்தானே நாம துடைச்ச."

பிறகு அவனும் ஏதேதோ செய்யச் சொல்லிப் பார்த்தான். இந்தப் புதுவகை டிஸ்க்குகள் துடைத்தால் மிச்சம் வைப்பதில்லையாம். ஊரில் கம்ப்யூட்டர் திருத்துகிறவரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன், அவரும் கையை விரித்தார். வீட்டுக்கு வந்து, டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அந்த வெறும் ஃபோல்டருக்குள் என் பூனையின் படம் ஒன்றைப் போட்டேன். டிஸ்க்கைக் கட்டினேன், படத்தைக் காணவில்லை. அவிழ்த்தேன், பூனை வந்து என்னைப் பார்த்தது. திரும்பத் திரும்பக் கட்டி அவிழ்த்தேன். ஒவ்வொரு தடவையும் வந்தது, சனியன். யாருக்கும் வேண்டாத பூனை வருகிறது, அந்த மனிசி வரவில்லை. மேசையில் தலையை வைத்து அழுதேன். யாரை ஏசுவதென்றுகூடத் தெரியவில்லை.

வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். போகவில்லைதான்.

அந்த மகள் வீட்டுக்கு நானே நடந்து போனேன். உம்மா கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். டிஸ்க், ஃபோல்டர், பாய் எல்லாம் சொன்னேன். பாதியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் உம்மாவின் கடைவாயைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வீடியோ போனாப் போகட்டும் ராத்தா. நீங்க உம்மாவுக்கு முன்னாலதானே நிண்டீங்க. குரவை போட்டுட்டு உம்மா என்ட அறைப் பக்கம் பாத்தாவா? சிரிச்சாவா? மூஞ்சி எப்பிடி இருந்த?"

ஓம் புள்ள, சிரிச்சா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரவை எனக்கு நினைவிருக்கிறது. ஹெட்ஃபோன் அதிர்ந்ததும் நினைவிருக்கிறது. அந்த நேரம் கெமராத் திரையின் மூலையில் பற்றரி சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை உள்ளே போய் முடிவதற்குள் நின்றுவிடுமோ என்று நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாது புள்ள," என்றேன். "நான் பற்றரியப் பாத்துக்கிட்டிருந்தன்."

அவள் மெல்லத் தலையை ஆட்டினாள்.

"அறைக்குள்ள நானும் தலைய நிமித்தல்ல," என்றாள். "அப்ப உம்மாவ ஒருத்தருமே பாக்கல்ல."